எங்கள் ஊருக்கு ஆறு பக்கங்கள்

புதிய ஊருக்குச் செல்பவரின் கையில் முதலில் வந்து சேர்வது சுற்றுலாச் சிற்றேடு. இரயில் நிலையத்திலும் தங்கும் விடுதியின் முகப்பிலும் அவை அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், இடையிடையே சில வரிகள். ஒருமுறை புரட்டிவிட்டுப் பைக்குள் செருகிக்கொள்வோம். அந்தச் சில வரிகளை எழுத ஒருவர் அந்த ஊரைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்திய காலத்தில், அதை என் மாணவர்கள் 24 பேருடன் சேர்ந்து நானும் தெரிந்துகொண்டேன்.

நான் கொடுத்த வேலை எளிமையானதாகத்தான் தோன்றியது. குழுவுக்கு நால்வராக ஆறு குழுக்கள். குழுவுக்கு ஓர் ஊர்: ஈப்போ, தம்பூன், சிம்பாங் பூலாய், கோப்பேங், கம்பார், பத்துகாஜா. ஓர் ஏ4 தாளை மூன்றாக மடித்தால் முன்னும் பின்னுமாக ஆறு பக்கங்கள் கிடைக்கும். அந்த ஆறு பக்கங்களில் தங்கள் ஊருக்கு ஒரு சிற்றேடு செய்ய வேண்டும். காலம் ஆறு வாரம். எழுதும் ஒவ்வொரு செய்தியையும் குறைந்தது இரண்டு இடங்களில் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. நூலகப் புத்தகம், நிலவரைபடம், அருங்காட்சியகக் குறிப்பு, ஊரில் நெடுநாள் வாழ்ந்த பெரியவர் என எதுவும் ஆதாரமாகலாம்.

வேலையைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“டீச்சர், லங்காவி, கேமரன் மலை என்றால் எழுதலாம். நம் ஊரில் என்ன இருக்கிறது? குன்றும் குட்டையும்தானே?”

வகுப்பே சிரித்தது. ஆனால், பலரும் அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியே நாள்தோறும் பார்ப்பதை யாரும் காட்சியாகக் கருதுவதில்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பெரியவர்களுக்கு மட்டும் உரிய பழமொழியன்று.

முதல் வாரத்தில் குழுக்கள் எழுதி வந்த வரிகளைப் பார்த்தேன். “இவ்வூர் கண்ணைக் கவரும் அழகு நிறைந்தது.” “இங்கு இயற்கை அன்னை கொலுவிருக்கிறாள்.” “சுற்றுப்பயணிகள் கூட்டம் கூட்டமாக வருகின்றனர்.” எல்லா வரிகளும் பிழையின்றி இருந்தன. நான் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு வாக்கியத்தை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் நீக்கிவிட்டு வெண்பலகையில் எழுதினேன். “எது எந்த ஊர்? கண்டுபிடியுங்கள்” என்றேன். ஒருவராலும் முடியவில்லை. எழுதியவர்களே தங்கள் வரியை அடையாளம் காணத் திணறினார்கள்.

அன்று நாங்கள் இரண்டாவது விதியைச் சேர்த்துக்கொண்டோம். எந்த ஊருக்கும் பொருந்தும் வாக்கியம் சிற்றேட்டில் இடம்பெறக்கூடாது. அப்படியானால் எதை எழுதுவது? அதற்காக ஒரு கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம்: “ஏன் இங்கே?” குன்று ஏன் இங்கே இருக்கிறது? குகை ஏன் இங்கே உண்டானது? இத்தனை குட்டைகள் ஏன் இங்கே கிடக்கின்றன? நாம் ஏன் இங்கே வாழ்கிறோம்? விடை கிடைத்த பிறகே அதைப் பற்றி எழுதலாம்.

விடை தேடும் வேலை நிலவரைபடத்தில் தொடங்கியது. மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வரைபடத்தை விரித்தோம். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே கிளேடாங் மலைத்தொடர். இரண்டுக்கும் இடையே அகன்ற பள்ளத்தாக்கு. அதன் நடுவே தெற்கு நோக்கி ஓடும் கிந்தா ஆறு, பேராக் ஆற்றில் போய்க் கலக்கிறது. தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு பேராக் ஆறு. அதன் நீளம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். தாங்கள் வாழும் இடம் ஒரு பள்ளத்தாக்கு என்பதை மாணவர்கள் பலர் அன்றுதான் கண்ணால் கண்டார்கள். அதுவரை அது முகவரியில் வரும் ஒரு சொல்லாக மட்டுமே இருந்தது.

வரைபடத்தின் அளவு 1:50,000. அதாவது, வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து பத்துகாஜாவுக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிடச் சொன்னேன். சிலர் அடிக்கோலை வைத்து நேராக அளந்தார்கள். சிலர் தையல் நூலைச் சாலையின் வளைவுகள்மேல் வைத்து, பிறகு நூலை நீட்டி அளந்தார்கள். விடைகள் வேறுபட்டன. எது சரி என்று வாக்குவாதம் எழுந்தது. கடைசியில் ஒரு மாணவி தீர்ப்புச் சொன்னாள்: “பறவைக்கு அடிக்கோல் தூரம். பேருந்துக்கு நூல் தூரம். நம் சிற்றேட்டைப் பறவை படிக்காது.” அன்று முதல் எல்லாக் குழுக்களும் நூலால் அளந்த தூரத்தையே எழுதின.

அடுத்த வாரம் சிம்பாங் பூலாய்க் குழு இரண்டு கற்களோடு வந்தது. ஒன்று குன்றின் அடிவாரத்தில் எடுத்த வெண்மையான கல். மற்றொன்று மலையோடையில் கிடந்த கருங்கல். இரண்டின் மீதும் சில துளி வினிகரை விட்டோம். கருங்கல்மேல் எந்த மாற்றமும் இல்லை. வெண்கல்லின்மேல் சின்னச் சின்னக் குமிழ்கள் பொங்கின. வெண்கல் சுண்ணாம்புக்கல். அமிலம் பட்டால் அது கரையும்.

“மழைநீரும் சிறிதளவு அமிலத்தன்மை கொண்டதுதான்” என்றேன். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயு மழைநீரில் கரைவதால் அது மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் புகுந்து, பல்லாயிரம் ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்?

கோப்பேங் குழுவிலிருந்து சட்டென்று பதில் வந்தது: “குகை!”

கோப்பேங்குக்கு அருகிலுள்ள தெம்புருங் குகை, தீபகற்ப மலேசியாவின் நீளமான குகைகளுள் ஒன்று. அதனுள் ஓர் ஆறே ஓடுகிறது. அந்தக் குழுவினர் முன்பு எழுதியிருந்த “மர்மங்கள் நிறைந்த அதிசயக் குகை” என்ற வரியை அழித்துவிட்டு, “இந்தக் குகையை உளியின்றிச் செதுக்கியது மழை. அது இன்னும் செதுக்கிக்கொண்டிருக்கிறது” என்று எழுதினார்கள். அதன் கீழே, மழைக்காலத்தில் குகைக்குள் ஓடும் ஆற்றின் நீர்மட்டம் உயரும் என்பதால் வழிகாட்டியின் சொல்லைக் கேட்டே செல்லவேண்டும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தார்கள். குகை எப்படி உண்டானது என்று தெரிந்த பிறகே அந்த எச்சரிக்கை ஏன் தேவை என்பதும் அவர்களுக்கு விளங்கியது.

அந்தச் சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவர்களை இன்னும் பின்னோக்கி இழுத்துச் சென்றது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதி ஆழமற்ற கடலாக இருந்தது. கடல் உயிர்களின் ஓடுகளும் எலும்புக் கூடுகளும் அடியில் படிந்து, அழுந்தி, கல்லாக இறுகின. பிறகு நிலம் உயர்ந்தது. கரைந்தது போக எஞ்சியவையே இன்று செங்குத்தாக நிற்கும் குன்றுகள். “அப்படியென்றால், நம் பள்ளிக்கூடம் கடலுக்கு அடியிலா இருக்கிறது?” என்று ஒருவன் கேட்டான். “ஒரு காலத்தில் இந்த இடம் அப்படித்தான் இருந்தது” என்றதும் அவன் தரையைக் குனிந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

தம்பூன் குழு குன்றின் மேற்பரப்பைப் பற்றி எழுதியது. அங்கே ஒரு பாறைச் சுவரில், செந்நிறக் காவிக்கல்லைக் கொண்டு தீட்டிய பழங்கால ஓவியங்கள் உள்ளன. அவை 1959-ஆம் ஆண்டில் வெளியுலகுக்குத் தெரியவந்தன. விலங்குகளும் மனித உருவங்களும் தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் காணப்படுகின்றன. மழை படாமல் முன்னோக்கி நீண்ட பாறை, குடைபோல் அவற்றைக் காத்து வருகிறது. தம்பூனில் வெந்நீர் ஊற்றும் உண்டு. ஆழத்தில் சூடேறிய நீர் பாறைப் பிளவுகள் வழியே மேலே வருகிறது. ஆனால், அந்தக் குழு முதல் பக்கத்தில் போட்டது பம்பளிமாஸ் பழத்தின் படத்தை! “எல்லாரும் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போவது அதைத்தானே, டீச்சர்” என்றார்கள். சாலையோரக் கடைகளில் வலைப்பையில் தொங்கும் அந்தப் பழம் இல்லாமல் தம்பூனை நினைத்துப் பார்க்க முடியாது. அது அவர்களின் ஊர். முடிவும் அவர்களுடையது.

ஈப்போ குழு ஊரின் பெயரிலிருந்து தொடங்கியது. ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பாலை ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்பின் முனையில் நஞ்சாகத் தடவி வேட்டையாடினார்கள். 1917-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட வெண்ணிற இரயில் நிலையத்திற்கு எதிரே அந்த மரம் ஒன்று நிற்கிறது. அதன் நிழலில் பலமுறை நின்றிருந்தும் அதுதான் ஊருக்குப் பெயர் கொடுத்த மரம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இனி, குட்டைகளுக்கு வருகிறேன். வானத்திலிருந்து பார்த்தால் கிந்தா பள்ளத்தாக்கு உடைந்த கண்ணாடித் துண்டுகளை இறைத்ததுபோல் மின்னும். அத்தனையும் ஈயக் குட்டைகள். கம்பார்க் குழுவும் பத்துகாஜா குழுவும் சேர்ந்து இதை ஆராய்ந்தன. கம்பாரில் உள்ள கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகத்திற்கு ஒரு மாணவனின் தந்தை தம் வேனில் அவர்களை அழைத்துச் சென்றார். அங்கே டூலாங் எனப்படும் அகன்ற மரத்தட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், வகுப்பில் அதைச் செய்து காட்டினார்கள். ஒரு தட்டில் மணலையும் இரும்புத் தூளையும் கலந்து நீர் ஊற்றி மெதுவாகச் சுழற்றினார்கள். மணல் நீரோடு விளிம்பைத் தாண்டி வழிந்தது. கனமான இரும்புத் தூள் அடியிலேயே தங்கியது. ஈயத்தாதுவும் அப்படித்தான். அது சாதாரண மணலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது.

இந்தத் தட்டில் நடந்ததே பள்ளத்தாக்கிலும் நடந்திருக்கிறது. மலைகளின் கருங்கல் உருவானபோது அதனோடு ஈயத்தாதுவும் தோன்றியது. மழையும் ஆறும் மலையைத் தேய்த்து, மண்ணையும் தாதுவையும் கீழே கொண்டுவந்தன. இலேசான மண் தொலைவுக்குப் போயிற்று. கனமான தாது பள்ளத்தாக்கிலேயே தங்கிப்போயிற்று. “இயற்கையே ஒரு பெரிய டூலாங் தட்டைச் சுழற்றியிருக்கிறது” என்று கம்பார்க் குழு எழுதியது. அந்த ஈயத்தைத் தேடித்தான் சீனர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். இரயில் பாதை வந்தது. நகரங்கள் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகிலேயே மிக அதிகமாக ஈயம் உற்பத்தி செய்த நாடு நம் நாடு. அதற்குப் பெரும் பங்களித்தது இந்தப் பள்ளத்தாக்கு.

பத்துகாஜா அருகே, தஞ்சோங் துவாலாங் செல்லும் வழியில் பழைய ஈயக் கப்பல் ஒன்று இன்றும் நிற்கிறது. 1938-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. 4,500 டன் எடை. சங்கிலியில் கோத்த வாளிகளால் குட்டையின் அடியைத் தோண்டி, தோண்டிய மண்ணைத் தன் வயிற்றிலேயே கழுவி, ஈயத்தைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் அது. அந்தக் குழுவிலிருந்த ஒரு மாணவனின் தாத்தா இளமையில் அதன் அருகில் குடியிருந்தவர். அவரைப் பேட்டி கண்டு வந்த பேரன் ஒரு செய்தி சொன்னான்: “இராத்திரி முழுக்கக் கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். கப்பல் ஓடும்போது எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்களாம். சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வார்களாம்.” எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத அந்தச் செய்தியைச் சிற்றேட்டில் சேர்த்தே தீரவேண்டும் என்று வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டது. இரண்டு ஆதாரம் வேண்டுமே என்று நினைவூட்டினேன். மறுநாளே அவன் தாத்தாவின் பழைய அண்டைவீட்டுக்காரர் ஒருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டான்!

1985-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலை தேடி மக்கள் வெளியூர்களுக்குப் போனார்கள். எஞ்சியவை குட்டைகள். இன்று அவற்றில் சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள். சிலவற்றில் தாமரை பூக்கிறது. பத்துகாஜா அருகே சில குட்டைகளைச் சுற்றி நாரைகளும் கொக்குகளும் கூட்டமாக வாழ்கின்றன. பத்துகாஜா குழு எழுதிய வரிகள் இவை: “எங்கள் ஏரிகளை இயற்கை தோண்டவில்லை. உழைத்த மனிதர்கள் தோண்டினார்கள். பறவைகள் பிறகு வந்தன. கரை செங்குத்தானது, நீர் ஆழமானது. பார்த்து மகிழுங்கள், இறங்காதீர்கள்.”

இதே குழுவுக்கு இன்னொரு சிக்கலும் காத்திருந்தது. பத்துகாஜா என்றதும் பலரும் கேட்பது கெல்லி மாளிகையைத்தான். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித் என்பவர், குன்றின் மேல் கட்டத் தொடங்கிய பெரிய மாளிகை அது. கட்டடம் முடியும் முன்பே, 1926-ஆம் ஆண்டில் அவர் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை அப்படியே நின்றுபோனது. மின்தூக்கிக்காக விடப்பட்ட குழியை இன்றும் பார்க்கலாம்.

“பேய் மாளிகை என்று பெரிதாகத் தலைப்புப் போடலாம்” என்றான் குழுவில் ஒருவன். “அப்போதுதான் ஆட்கள் வருவார்கள்.” மற்றொரு மாணவி தலையசைத்து மறுத்தாள். அவள் தான் படித்ததை வரிசையாகச் சொன்னாள். அந்த மாளிகையைக் கட்டத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் பரவிய காய்ச்சல் அவர்களையும் தாக்கியது. பலர் இறந்தார்கள். தொழிலாளர்களின் வேண்டுகோளுக்கு இணங்க மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் மாரியம்மன் கோயில் ஒன்று கட்டப்பட்டது. அந்தக் கோயிலின் கூரைமேல் தெய்வச் சிலைகளுக்கு நடுவே, கெல்லி ஸ்மித் என்று சொல்லப்படும் ஓர் உருவமும் நிற்கிறது.

“செத்துப்போனவர்கள் பேர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அவர்களைப் பேய் என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்?” என்று அவள் கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, பேய்த் தலைப்பைச் சொன்னவனே தாளை எடுத்துத் தலைப்பை மாற்றினான். “கெல்லி மாளிகை: கட்டியவர்களையும் நினைப்போம்.” மாளிகைக்கு அரைப் பக்கமும் கோயிலுக்கு அரைப் பக்கமும் ஒதுக்கினார்கள். “மாளிகைக்கு வருவோர் கோயிலுக்கும் சென்று வாருங்கள்” என்று முடித்தார்கள். அதைவிட நல்ல சுற்றுலாக் குறிப்பை நான் அந்த மாளிகையைப் பற்றிப் படித்ததில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான முடிவை எடுக்க வேண்டியிருந்தது சிம்பாங் பூலாய்க் குழுதான். அவர்கள் அட்டைப்படத்திற்காகச் சுண்ணாம்புக்கல் குன்று ஒன்றைப் படம் எடுத்து வந்திருந்தார்கள். குன்றின் ஒரு பக்கம் அடர்ந்த பச்சை. மறுபக்கம் கல்லுடைப்புக்காகச் செங்குத்தாகச் சீவப்பட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. “வெள்ளைப் பக்கத்தைக் கணினியில் வெட்டிவிடலாம். பச்சைப் பக்கம் மட்டும் போதும்” என்றான் குழுத்தலைவன்.

அதுவரை அதிகம் பேசாமல் இருந்த ஒரு மாணவி மெல்லச் சொன்னாள்: “அந்த வெள்ளைப் பக்கத்தில்தான் எங்கள் அப்பா வேலை செய்கிறார்.”

குழு அமைதியானது. அவளுக்கு அந்தப் படம் வெட்டப்படுவது பிடிக்கவில்லை. இன்னொருவனோ, குன்றுகளை உடைப்பதே தவறு என்று வாதிட்டான். அவனும் சும்மா பேசவில்லை. சில குன்றுகளில் மட்டுமே வாழும் நத்தைகளும் செடிகளும் இருப்பதை அவன் படித்திருந்தான். குகைகளில் தங்கும் வௌவால்கள்தாம் இரவில் பறந்துபோய் டுரியான் பூக்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டு வந்திருந்தான். “குன்று போனால் வௌவால் போகும். வௌவால் போனால் டுரியானும் குறையும்” என்றான். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நான் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. “உங்கள் அப்பாவை வகுப்புக்கு அழைத்து வர முடியுமா?” என்று மட்டும் அந்த மாணவியிடம் கேட்டேன்.

அடுத்த வாரம் வேலை முடிந்து நேராக அவர் வந்தார். கால்சட்டையில் வெண்தூள் அப்பியிருந்தது. கையில் பற்பசை, ஒரு தாள், சுவர்ச்சாயப் புட்டியின் மூடி. மூன்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, “இது மூன்றிலும் நம் ஊர்க் கல்லின் தூள் இருக்கலாம், பிள்ளைகளே” என்றார். சிமெண்டுக்கும் இந்தக் கல்தான் வேண்டும் என்று விளக்கினார். கல்லுடைப்பு வேலையில் காதைக் காக்கவும் தூசியைத் தடுக்கவும் என்னென்ன அணிகிறார்கள் என்று காட்டினார்.

“மாமா, எல்லாக் குன்றையும் உடைத்துவிட்டால் என்ன ஆகும்?” என்று வௌவாலைப் பற்றிப் பேசியவன் கேட்டான்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “எல்லாவற்றையும் உடைக்கக்கூடாது தம்பி. குகை இருக்கிற குன்று, ஓவியம் இருக்கிற குன்று, கோயில் இருக்கிற குன்று எல்லாம் இருக்க வேண்டும். எனக்கு இந்த வேலையில்தான் சோறு. ஆனால், என் பேரப்பிள்ளைக்குக் காட்டவும் ஒரு குன்று வேண்டும் இல்லையா?”

அவர் போன பிறகு அந்தக் குழு இரண்டு பாடவேளைகள் பேசியது. கடைசியில் படத்தை வெட்டவில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் குன்று முழுவதும் அட்டையில் வந்தது. ஐந்தாம் பக்கத்தில் அவர்கள் எழுதியது இது: “எங்கள் குன்றின் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் வேலை. இரண்டும் எங்களுக்குத் தேவை. வெட்டிய குன்று மீண்டும் வளராது என்பதும் எங்களுக்குத் தெரியும். கிந்தா பள்ளத்தாக்கு 2018-ஆம் ஆண்டில் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எஞ்சிய குன்றுகளைப் பார்க்க வாருங்கள். நீங்கள் பார்க்க வந்தால் அவற்றைக் காக்க எங்களுக்கும் ஒரு காரணம் கூடும்.”

பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் எழுதிய வரிகள் இவை. நான் திருத்தியது ஒற்றுப்பிழை இரண்டு மட்டுமே.

ஆறாவது வாரம் மடிக்கும் வேலை நடந்தது. கடைசிப் பக்கத்தில் எல்லாக் குழுக்களும் பயணக் குறிப்புகளைச் சேர்த்தன. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மின்சார இரயிலில் இரண்டரை மணி நேரம் வரை ஆகும். குடையும் நல்ல காலணியும் கொண்டு வரவும். இந்தச் சிறு குறிப்புகளுக்கும் அவர்கள் காட்டிய கவனம் எனக்கு வியப்பூட்டியது. “நாம் தப்பாக எழுதினால் ஒருவர் மழையில் நனைவார், டீச்சர்” என்றாள் ஒரு மாணவி. வாசகர் ஒருவரை மனத்தில் நிறுத்தி எழுதுவது என்றால் என்ன என்பதைக் கட்டுரைப் பாடத்தில் நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று சிற்றேடுகளை மண்டப வாசலில் அடுக்கி வைத்தோம். ஈயக் கப்பலின் ஓசையைச் சொன்ன தாத்தா தம் பேரனின் சிற்றேட்டைக் கண்ணாடி அணிந்து நிதானமாகப் படித்தார். பிறகு, வெளியூரில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி மேலும் இரண்டு பிரதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கல்லுடைப்பில் வேலை செய்பவர் அட்டைப்படத்தில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டி, தாம் நிற்கும் இடம் எது என்று தம் மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிற்றேடுகளால் எத்தனை சுற்றுப்பயணிகள் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவர்கூட வராமலும் இருந்திருக்கலாம். ஆனால், அந்த 24 பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி யாராவது கேட்டால், “அழகான ஊர்” என்ற ஒரு சொல்லோடு நிறுத்தமாட்டார்கள் என்பது மட்டும் உறுதி. மழை செதுக்கிய குகையையும், தாத்தாக்கள் காலத்தில் தோண்டிய ஏரியையும், பெயர் தெரியாத தொழிலாளர்கள் எழுப்பிய சுவரையும் அவர்களால் காட்ட முடியும். எதைக் காக்க வேண்டும் என்றும் சொல்ல முடியும்.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் யாரும் நின்று பார்க்காத ஒரு குன்றோ, ஆறோ, பழைய கட்டடமோ, சந்தையோ இருக்கும். ஒரு தாளை எடுத்து மூன்றாக மடியுங்கள். அது ஏன் அங்கே இருக்கிறது, அதை உருவாக்கியவர் யார், அதை இன்று நம்பி வாழ்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடமிருந்தே தொடங்கலாம். ஆறு பக்கம் போதாது என்று நீங்களே சொல்வீர்கள்.